கிணற்றில் குளிர்ந்த ஒயின்

இத்தாலியின் லாப்பியோ மலையூரில் திராட்சை பயிரிடும் சபத்தீனோவுக்குத் தன் கையால் செய்த ஃபியானோ வெள்ளை ஒயின்தான் உயிர். அதன் தேன் நிறத்தையும் வறுத்த கொட்டை மணத்தையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது. அதில் யாராவது ஐஸ் போட்டுவிட்டால் மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பிரிட்ஜும் ஆகாது. ஒயின் என்றால் கிணற்றில்தான் குளிர வேண்டும்.

ஆகஸ்ட் பதினைந்து, மாதாவின் விண்ணேற்பு நாள்; அந்தப் பெயரையே வைத்திருந்த மனைவி அசுந்தாவுக்கும் அன்றுதான் பெயர்த் திருநாள். முற்றத்து மேசையில் பொரித்த பூசணிப்பூவும் முயல் கறியும் மணந்தன. அவள் தம்பி ஜெரார்தோ தன் கிளாஸில் இரண்டு ஐஸ் கட்டிகளைப் போட்டான்.

"அடப்பாவி! ஒரு வருஷம் பாடுபட்டு செஞ்சதுல தண்ணியக் கலக்குறியே, நீ உருப்படுவியா?"

"வெயில் மண்டையப் பொளக்குது அத்தான். இது வெந்நி மாதிரி இருக்கு."

"ஆறு வருஷத்துப் பாட்டில் கிணத்துல கெடக்கு. குடிச்சுப் பாத்துட்டுப் பேசு."

"கயித்துல கட்டுங்கன்னு காலையிலயே சொன்னேன்," என்றாள் அசுந்தா. கயிறு நாறும் என்று அவர் திராட்சைக் கொடி கட்ட முறுக்கி வைத்திருந்த மெல்லிய குச்சிகளில்தான் பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தார். மார்ச்சில் பச்சையாக வெட்டி முறுக்கிய குச்சிகள் இப்போது நன்றாகக் காய்ந்திருந்தன. அவர் எழுந்து போய்ப் பாதி தூரம் இழுத்ததுமே அவை பட்டென்று முறிந்தன. கிணற்றுச் சுவரில் மோதிப் பாட்டில் சிதறிய சத்தம் மேசைவரை கேட்டது.

சபத்தீனோ ஒரு வாளித் தண்ணீர் இறைத்தார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கொட்டை மணம் இருக்கத்தான் செய்யுது," என்று முனகினார்.

ஜெரார்தோ தன் கிளாஸை உயர்த்தினான். "நான் போட்டது ரெண்டே ரெண்டு ஐஸ் கட்டி அத்தான். நீங்க ஒரு கிணத்தையே கலந்துட்டீங்களே!"