கடியப்பட்டணத்தில் இரண்டாவது எஞ்சின்

2013 டிசம்பர் லீவில் கடியப்பட்டணம் போக எனக்கு இருந்தது ஒரே காரணம்தான்: கல்லூரித் தோழன் ஜெரோம் வீட்டு நெய்மீன் குழம்பு. ஞாயிறு காலை 8.10-க்கு நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். மணவாளக்குறிச்சி வரை பன்னிரண்டு ரூபாய், முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். பேரம் பேசினேன்; டிரைவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

லீவிலும் மனசு வேலையில்தான் கிடந்தது. வெளிநாட்டில் ஒரு துகள் முடுக்கி ஆய்வகத்தில் இருக்கிறேன். அங்குள்ள மீக்கடத்திக் காந்தங்களில், கடுங்குளிரில் வைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். ஓரிடம் லேசாகச் சூடேறினாலும் போச்சு, காந்தமே உருகிவிடும். அந்தச் சூட்டைக் கண்டுபிடித்து மின்சாரத்தை உடனே நிறுத்த இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று தவறினால் மற்றது. இரண்டையும் சோதித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். புதிதாகப் பொருத்திய காந்தத்துக்கு மறுநாள்தான் முதன்முதலாக முழு மின்சாரம் கொடுப்பதாக இருந்தது.

ஞாயிறன்று இங்கே யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வந்த ஜெரோம், தன் மீன்பிடி வள்ளத்தின் இரண்டு எஞ்சின்களையும் ஓட்டிப்பார்க்கத் தண்ணீர் டிரம்மில் இறக்கியிருந்தான்; நடுக்கடலில் ஒன்று நின்றால் மற்றது. முதலாவது, கயிற்றை ஒரே இழுப்பு இழுத்ததும் ஓடியது. இரண்டாவதைச் சாக்கு போட்டு மூடப் போனான். அவன் மனைவி சகாயம் விடவில்லை.

"அதையும் இழுத்துப் பாரும்."

"போன மாசம் ஓடிச்சுல்லா?"

"ஒண்ணு ஓடுகதுனால மத்தது செத்துக் கெடக்கது தெரியாது. இழும்."

பத்து இழுப்புக்கும் அது அசையவில்லை. "இத நம்பித்தான் நாளைக்கு கடலுக்குப் போவப்போனாரு" என்று சகாயம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் சோதனைப் பொத்தான் இரண்டு கருவிகளையும் சேர்த்தே தூண்டும். மின்சாரம் நின்றால் பச்சை விளக்கு எரியும். நிறுத்தியது எது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒன்று செத்துக் கிடந்தாலும் பச்சைதான் எரிந்திருக்கும்.

ஆய்வகத் தோழி அன்னாவை போனில் எழுப்பினேன். அங்கே இன்னும் விடியவில்லை. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதைச் சோதிக்கச் சொன்னேன். இதற்குள் ஜெரோம் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்து எஞ்சினை ஓடவைத்துவிட்டான். எனக்கோ மூன்று மணி வரை சோறு இறங்கவில்லை. அப்புறம் அன்னா கூப்பிட்டாள். இரண்டாவது கருவி செத்துத்தான் கிடந்ததாம். மாற்றிவிட்டாள்.

நான் துள்ளியதைப் பார்த்து ஜெரோம் கேட்டான்: "என்ன மக்கா, லாட்டரி அடிச்சிற்றா?"

"அதுக்கும் மேல" என்றேன். சகாயம் இன்னொரு துண்டு மீன் வைத்தாள், நான் மறுக்கவில்லை. எங்கள் ஆய்வகத்தில் இப்போது தனித்தனியாகத்தான் சோதிக்கிறோம். அதற்குப் பெயரே 'சகாயம் சோதனை'.

போகிறவர்களுக்கு: ஞாயிறு புதுமீன் கிடைக்காது, சனிக்கிழமையே சொல்லிவையுங்கள். முட்டம் கடற்கரை பக்கம்தான், சூரியன் மறைவதைப் பார்க்க மாலை ஐந்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். சொந்தக் காரில் வருகிறீர்களா? கிளம்பும் முன் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று ஒரு அமுக்கு அமுக்கிப் பாருங்கள்.