செங்கோட்டையில் இறங்கிய விண்வெளி வியாபாரி

என்னைக் கட்டிய மச்சானுக்குக் கல்ஃபில் ஒரு கிட்டங்கியில் சரக்கு அடுக்கும் வேலை. நான் தென்காசியில் அவருடைய உம்மாவோடு இருந்துகொண்டு விண்வெளி நாவல் எழுதுகிறேன். பக்கத்துப் புளியறை செக்போஸ்ட்டைக்கூடத் தாண்டாதவளுக்கு வேற்றுக் கிரகம் ஒரு கேடா என்று மாமி வருவோர் போவோரிடமெல்லாம் கேட்பார். கேட்டுக்கொள்ளட்டும், எனக்கென்ன.

நாவலில் ஒரு வியாபாரி கிரகம் கிரகமாகச் சரக்கு ஏற்றிப் போகிறான். அவன் போய்ச் சேரும் ஒரு கிரகத்து மக்களுக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. மூக்குதான் எல்லாம். அங்கே வாசனைதான் சரக்கு. நம் ஊர் வாசனை ஒன்றைக் கொடுத்தால் அவர்கள் ஊர் வாசனை ஒன்றைத் தருவார்கள்.

எழுதியதை மொட்டை மாடியில் வாசித்துப் பதிந்து வாட்ஸப்பில் அனுப்புவேன். மச்சான் பேச்சில் மகா கஞ்சன். "கேட்டேன், நல்லாருக்கு" என்பதோடு சரி. அப்படிப்பட்டவர் ஒரு நாள், பாதாம் பூ வாசனைக்கு அந்தக் கிரகத்தில் என்ன தருவார்கள் என்று கேட்டார். கிண்டிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. நான் வாசிப்பதை வரிக்கு வரி நிறுத்தி, அங்கே அவரோடு அறையில் தங்கியிருப்பவர்களுக்கு இந்தியில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பூவைப் பற்றிக் கேட்டவர் பட்டாணியர். மலையாளி கொப்பரை காயும் வாசனையைக் கொண்டுவந்தாராம். நேபாளி பனி உருகிய மண்ணை. எது உசத்தி என்று அடிதடி நடக்காத குறையாம்.

யா அல்லாஹ்! சாரலில் நனைந்துகொண்டு நான் உளறிய கிரகத்தில், முகம் தெரியாத மனிதர்கள் உண்மையாகவே கடை போட்டுவிட்டார்கள். எல்லா வாசனையையும் நாவலில் சேர்த்தேன்.

பெருநாளுக்கு வருகிறேன் என்று மச்சான் சொல்லியிருந்தார். லீவு கிடைக்கவில்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழும்போது வருகிறேன் என்றார். அதுவும் இல்லை என்றாயிற்று. வந்த ஆத்திரத்தில் வியாபாரியைக் கொன்றுபோட்டேன். ஊர் திரும்பும் வழியில் கப்பலோடு எரிந்துபோகிறான். வாசித்து அனுப்பியும்விட்டேன்.

மறுநாள் மதியம் அழைத்தார். கேட்டவர்கள் வருத்தப்பட்டார்களா என்றேன். இல்லையாம். பட்டாணியர் எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாராம். செத்ததற்கா மிட்டாய் என்று சீறினேன்.

"நான் மாத்திச் சொல்லிட்டேன். நம்ம செங்கோட்டையில ரயில விட்டு இறங்கிட்டான்னு சொன்னேன்."

விண்கப்பலில் போனவன் ரயிலில் எப்படி வருவான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையாம். பெட்டி கனமா, ஆட்டோ கிடைத்ததா, வழியில் மழையா என்றுதான் கேட்டார்களாம். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நான் எழுதாத அத்தியாயத்தை மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்துவிட்டானா என்று மெதுவாகக் கேட்டேன்.

"வாசல் வரைக்கும் கொண்டாந்துட்டேன். கதவத் திறந்து அவன் பொண்டாட்டி என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியல. எல்லாரும் இங்கன காத்துட்டு இருக்காவ. நீ சொல்லு."