மூக்குக் குழாய் போட்டவளுக்குக் கிறிஸ்மஸ் கேக்

நவம்பர் கடைசி வாரம், ஒரு திங்கட்கிழமை காலை. பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். என் இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது எனக்குத் தெரியவில்லை. பூக்காரம்மா கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பாதம் மரத்திருந்தது. புதன்கிழமை படி ஏற முடியவில்லை. வெள்ளிக்கிழமை கட்டிலை விட்டு எழ முடியவில்லை. சனிக்கிழமை மதியம் செங்கல்பட்டில் அரசு ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் கிடந்தேன். இடுப்புக்குக் கீழே எனக்கு உடம்பே இல்லாதது போல் இருந்தது.

நரம்பைத் தாக்கும் நோய் என்றார் டாக்டர். கிருமியை அடிக்க வேண்டிய உடம்பு தன்னையே அடித்துக்கொள்கிறதாம். காலில் தொடங்கி மேலே ஏறும், மூச்சு வரை ஏறலாம், பிறகு இறங்கும். "எவ்வளவு நாளில் இறங்கும்?" என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா," என்றார்.

நான் எஸ்தர். வயது ஐம்பத்தாறு. பள்ளிக்கூட அலுவலகத்தில் கண்காணிப்பாளர். கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே மகள் பூனாவில் இருந்தாள். எட்டு மாதக் கர்ப்பம், பயணம் கூடாது. மருமகன் வந்தார். காலையில் மட்டும் வந்துபோக ஒரு அம்மாவை ஏற்பாடு செய்துவிட்டு மூன்றாம் நாள் ரயிலேறினார்.

அன்று நான் என்ன ஜெபித்தேன் என்று சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். "கர்த்தாவே, டிசம்பர் இருபத்திரண்டுக்குள் என்னை எழுப்பும். இல்லாவிட்டால் மேடையில் கிரேஸ் நிற்பாள்." இதுதான் என் ஜெபம். கால் செத்துக் கிடக்கும்போது நான் கேட்டது இதுதான்.

நான் எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். கிரேஸ் துணைச் செயலாளர். வருடா வருடம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்குப் போய் "கிறிஸ்மஸ் அன்பின் பகிர்வு" நடத்துவோம். அந்த வருடம் அதற்குக் குறித்த நாள் டிசம்பர் இருபத்திரண்டு. அன்பாம். சவுக்குத் தோப்பில் பந்தல் போட்டு, நாங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவோம். அந்த ஜனங்கள் மணலில் உட்காருவார்கள். நாங்கள் நாலு பாட்டுப் பாடும் வரை, ஆயர் பேசி முடிக்கும் வரை, அவர்கள் வெயிலில் காத்திருப்பார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக மேடைக்கு வந்து, என் கையிலிருந்து புடவையை வாங்கி, கேமராவைப் பார்த்து "மெர்ரி கிறிஸ்மஸ்" சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் புடவையை விட மாட்டேன். ஒரு நுனி அவள் கையில், ஒரு நுனி என் கையில். அப்படியே நிற்பேன். பின்னால் இருக்கும் ஃப்ளெக்ஸ் பேனரில் குழந்தை இயேசு கட்டைவிரல் அளவுக்கு இருப்பார். என் படம் ஆளுயரம்.

இதெல்லாம் பதினேழு வருடம் நான் செய்தது. ஒருமுறை மீன் விற்கும் ஒரு பெண் இரண்டாவது தரம் வரிசையில் வந்தாள். பிடித்துவிட்டேன்.

"எங்க நாத்தனாருக்கும்மா. படுத்த படுக்கையா கீது. அத்தால வர முடியாது," என்றாள்.

"வந்தவங்களுக்குத்தான். அதுதான் ரூல்," என்றேன்.

"படுத்துகினு கீறவங்களுக்கு யாரும்மா குடுப்பாங்க?" என்று கேட்டாள்.

நான் அவளை வரிசையிலிருந்து விலக்கச் சொன்னேன். பக்கத்தில் இருந்த சகோதரிகள் என் கண்டிப்பைப் பாராட்டினார்கள். எப்பேர்ப்பட்ட ஊழியம் பாருங்கள்.

வார்டில் எனக்குப் பக்கத்துப் படுக்கையில் பக்கவாதம் வந்த ஒரு முதியவள். பார்த்துக்கொள்ள அவள் மருமகள் இருந்தாள். பெயர் அஞ்சலை. செய்யூர் பக்கத்துக் கிராமம், நாற்பது வயதிருக்கும். எந்நேரமும் வாயில் வெற்றிலை. போனில் பேசினால் வார்டு முழுக்கக் கேட்கும். முதல் நாளே என் ஃபிளாஸ்க்கைக் கேட்காமல் எடுத்து உடைத்துவிட்டு, "அது முன்னாடியே விரிசல் வுட்டுப் போயிருந்திச்சி" என்று துணிந்து பொய் சொன்னாள். என்னை "யக்கா" என்று கூப்பிட்டாள். எங்கள் அலுவலகத்தில் அத்தனை பேரும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் யார் என்னை அக்கா என்று அழைக்க என்று எனக்கு எரிச்சல். கால் போயிருந்தது, கை போய்க்கொண்டிருந்தது. கர்வம் மட்டும் போகவில்லை.

காலையில் வரும் அம்மா பத்து மணிக்குக் கிளம்பிவிடுவாள். அதன் பிறகு என்னைப் புரட்டிப் போட, தண்ணீர் கொடுக்க, மற்ற எல்லாவற்றுக்கும் அஞ்சலைதான். நான் கேட்கவில்லை. அவளாகச் செய்தாள். மாமியாரைத் துடைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து என்னைத் துடைப்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

"இன்னாத்துக்கு மூஞ்ச திருப்பிக்கிறக்கா? ஒனக்கு வெக்கம். எனக்கு வேல. வேல முடிஞ்சா நான் போயிகினே இருப்பேன்," என்பாள்.

நன்றி என்ற சொல்லை நான் அவளிடம் சொல்லவில்லை. இத்தனை வருடம் மற்றவர்கள் வாயிலிருந்து அதைக் கறந்து வாங்கியவள் நான்.

ஆஸ்பத்திரிக்கு வந்த ஐந்தாம் நாள் மதியம். கஞ்சி வாயோரமாக வழிந்தது. விழுங்க முடியவில்லை. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. நர்ஸம்மா வார்டின் மறுகோடியில் வேறொரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாகப்போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. முப்பது வருடம் மேடையில் ஜெபம் நடத்திய எனக்கு அப்போது ஒரு வார்த்தை வரவில்லை. நான் வைத்திருந்தது எல்லாம் மைக்குக்கு ஏற்ற ஜெபம். மூச்சில்லாதபோது சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அஞ்சலை மாமியாருக்கு ஊட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "சிஸ்டரு, இங்க வாங்க, இந்தக்கா ஒதடு நீலமா போவுது," என்று கத்திக்கொண்டே ஓடினாள். டாக்டர்கள் வந்தார்கள். தீவிர சிகிச்சைக்கு மாற்றச் சொல்லி ஸ்ட்ரெச்சர் கொண்டுவரப் போனார்கள். அந்த இடைவெளியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் தலைமாட்டில் இருந்த சிலுவைப் படத்தைப் பார்த்துப் பேசினாள். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போலப் பேசினாள்.

"யேசப்பா, நான் அஞ்சல. செய்யூர் பக்கம். உன்னாண்ட இதுவரிக்கும் ஒண்ணியும் கேட்டதில்ல. இந்தக்கா ஒன் ஆளு. பேரு எஸ்தரு. மூச்சு வுட முடியல. பாத்துக்கோ."

அவ்வளவுதான். ஆமென் கூட இல்லை.

ஒன்பது நாள் இயந்திரம் எனக்காக மூச்சு விட்டது. நினைவு வரும்போதெல்லாம் ஜெபிக்கப் பார்த்தேன். என் பழைய அலங்கார வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. அஞ்சலை சொன்னதுதான் வந்தது. இந்தக்கா ஒன் ஆளு, மூச்சு வுட முடியல, பாத்துக்கோ. அதையே திரும்பத் திரும்ப உள்ளுக்குள் சொன்னேன். வேறொருத்தி எனக்காகப் போட்ட விண்ணப்பத்தைப் பிடித்துக்கொண்டு உயிரோடு கிடந்தேன்.

பத்தாம் நாள் மூச்சுக் குழாயை எடுத்தார்கள். என் மூச்சு எனக்கு வந்தது. அன்று அழுதேன். கண்ணீரைத் துடைக்கக் கை வரவில்லை, அது பாட்டுக்கு வழிந்து காதுக்குள் போனது. கர்த்தர் கேட்டார். என் ஜெபத்தை அல்ல. அவரை யாரென்றே அறியாத ஒருத்தியின் ஜெபத்தை.

பழைய வார்டுக்கே திரும்பினேன். இன்னும் விழுங்க முடியாததால் மூக்கு வழியாகக் குழாயில்தான் கஞ்சி. டிசம்பர் இருபத்துமூன்று பகலில் எங்கள் ஐக்கியத்தார் ஏழு பேர் வந்தார்கள். கிரேஸ் முன்னால். கையில் ரிப்பன் கட்டிய கூடை. உள்ளே பிளம் கேக், பிஸ்கட், ஆரஞ்சு. இரண்டு பேர் சுருட்டிய பேனரைப் பிரித்து என் தலைமாட்டில் பிடித்தார்கள். "நோயுற்றோருக்குக் கிறிஸ்மஸ் அன்பளிப்பு." அந்த வாசகம் நான் எழுதியது. முந்தைய வருடம் வேறொரு நோயாளிக்காக எழுதினேன்.

கிரேஸ் ஜெபித்தாள். நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு, அப்படியே என்னைப் போலவே. பிறகு என் செத்த கையை எடுத்துக் கூடையின் மேல் வைத்தாள். அது நழுவி விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது.

"கொஞ்சம் சிரிங்கக்கா," என்றாள் போன் வைத்திருந்த சகோதரி.

மூக்கில் குழாய், வாயோரம் எச்சில். அந்த முகத்தோடு என்னைப் படம் பிடித்தார்கள். அன்றைக்குத்தான் தெரிந்தது, புடவையின் மறுநுனியைப் பிடித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று.

அஞ்சலையால் பொறுக்க முடியவில்லை. "யம்மா, அத்தால எச்சி கூட முழுங்க முடியல. நீங்க கேக்கு குடுத்துகினு கீறீங்க. வாயத் தொடச்சி உட்டுட்டாவது போட்டா புடிக்கக் கூடாதா?" என்றாள்.

"நீங்க யாரும்மா?" என்றாள் கிரேஸ், நான் கேட்கும் அதே தொனியில்.

"நானா? பக்கத்துப் பெட்டு."

அவர்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். ஒருத்தி கூட என் வாயைத் துடைக்கவில்லை.

கிறிஸ்மஸ் அன்று காலை அஞ்சலை என்னைக் கேட்காமலே அந்தக் கூடையைப் பிரித்தாள். கேக்கைத் துண்டு போட்டு வார்டு முழுக்கக் கொடுத்துவிட்டு வந்தாள். வாய் நிறைய கேக்கோடு என் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கி இன்னா பண்டிகக்கா ஒங்களுக்கு?"

எனக்கு மெல்லிய குரல் வந்திருந்தது. "சாமி குழந்தையா பிறந்த நாள்," என்றேன்.

"எங்க பொறந்தாரு?"

"மாட்டுத் தொழுவத்துல. சத்திரத்துல இடம் கிடைக்கல."

"அய்ய. வெளியூரா? பெத்தவளுக்கு வெந்நீ யாரு வெச்சிக் குடுத்தாங்க? புள்ளய யாரு கழுவுனது?"

எத்தனை கிறிஸ்மஸ் கொண்டாடியிருக்கிறேன், எத்தனை நாடகத்துக்குத் தொழுவம் ஜோடித்திருக்கிறேன். வெந்நீர் யார் வைத்தார்கள் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்தக் குழந்தையைப் பார்க்கக் கிழக்கிலிருந்து பொன் கொண்டுவந்த சாஸ்திரிகளை மட்டும்தான் எனக்குப் பிடிக்கும். ஃப்ளெக்ஸ் பேனரில் நாங்கள் எல்லாரும் அந்த சாஸ்திரிகள்தானே.

அந்தக் கட்டிலில் கிடந்துதான் எனக்குப் புரிந்தது. கர்த்தர் நமக்குக் கொடுக்க வந்தார் என்று பாடுகிறோம். ஆனால் வந்தவுடன் அவர் முதலில் செய்தது வாங்கியதுதான். பால் வாங்கினார். துணி வாங்கினார். மாடுகளிடம் இடம் வாங்கினார். தலையைத் தானே தூக்க முடியாமல் யார் கையிலோ கிடந்தார். என்னை மாதிரி. அந்தச் சர்வவல்லவர் தன்னைக் கழுவ ஒருத்தியை விட்டார். எனக்கோ அஞ்சலை துடைத்தபோது முகத்தைத் திருப்பத் தோன்றியது.

"யாரோ ஒரு அஞ்சலை வெச்சிருப்பா," என்றேன்.

அவள் சிரித்தாள். அன்றைக்குத்தான் அவளிடம் நன்றி சொன்னேன். "அதுக்கின்னாக்கா இப்போ," என்று சொல்லிவிட்டு மாமியாரைப் புரட்டப் போனாள்.

ஜனவரி நடுவில் வீட்டுக்கு வந்தேன். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஏப்ரலில் கோலூன்றி நடந்தேன். ஜூலையில் கோல் இல்லாமல் நடந்தேன். நடக்க வந்ததும் பஸ் ஏறி அஞ்சலையின் ஊருக்குப் போனேன், ஒரு நல்ல புடவையோடு. மாமியார் மாசி மாதமே இறந்துவிட்டாராம். அஞ்சலை புடவையைப் பிரித்துப் பார்த்தாள்.

"நல்லாதான் கீது. ஆனா இந்தக் கலரு எனக்கு ஆவாதுக்கா. நீயே கட்டிக்கோ," என்று திருப்பிக் கொடுத்தாள்.

புடவையைப் பிடித்துக்கொண்டு முழித்தேன். அவளோ என்னை உட்கார வைத்துச் சோறு போட்டாள். கிளம்பும்போது ஒரு பை நிறைய வேர்க்கடலையை என் கையில் திணித்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் பதிலுக்கு எதுவும் கொடுக்காமல் நான் வாங்கியது அதுதான் முதல் தடவை. வீடு வந்து சேரும் வரை அந்தப் பை மடியில் கனத்தது.

ஐக்கியக் கூட்டத்தில் இனிமேல் மேடை வேண்டாம், படம் வேண்டாம் என்றேன். "படம் இல்லன்னா காணிக்கை கொடுத்தவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் கிரேஸ். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த வருடம் பேனர் இன்னும் நாலடி பெரிதானது. நான் பதவி விலகலை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

இப்போது டிசம்பர் வந்தால் பகலில் அதே வார்டுக்குப் போகிறேன். நோயாளியோடு தனியாக இருக்கும் பெண்களிடம், "நீ போய்க் குளிச்சிட்டு, சாப்பிட்டு வா, நான் பாத்துக்கறேன்," என்று சொல்லி உட்காருகிறேன். சிலர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். சிலர் திட்டுவார்கள். திட்டட்டும்.

சகோதர சகோதரிகளே, கர்த்தர் ஜெபத்தைக் கேட்கிறார். இது எனக்கு நடந்த உண்மை. உங்களுக்கு வார்த்தை வராத நேரத்தில் யார் வாயையாவது அவர் எடுத்துக்கொள்வார். அது நம் சபை வாயாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கட்டாயமும் இல்லை. பயப்படாமல் அவரை நம்புங்கள். ஆனால் இந்தக் கிறிஸ்மஸுக்கு உங்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறும் முன்னே ஒன்று செய்யுங்கள். நீங்கள் கீழே என்று நினைக்கிற ஒருவர் வீட்டுக்குப் போங்கள். வெறுங்கையோடு போங்கள். அவர்கள் கொடுப்பதை வாங்கிச் சாப்பிடுங்கள். கூசும். கூசட்டும். அவர் நம்மிடம் அப்படித்தான் வந்தார்.