வான் மாமாவின் ஈரலும் என் கண்காட்சியும்

எங்கள் பள்ளிக்கூட வானில் ஏறும் ஒன்பது பேருக்கும் காலை ஆறரைக்கு ஒரே செய்திதான் வரும்: “வாறன், வாசலுக்கு வாங்கோ.” அன்றும் அதே தொலைபேசியிலிருந்து செய்தி வந்தது. எழுதியவர் வான் ஓட்டும் மாமாவின் மனைவி, எங்கள் அன்ரி. “மாமா இனி வரமாட்டார் பிள்ளையள். விடிய நெஞ்சு நோகுது எண்டார். ஆஸ்பத்திரிக்குப் போக முன்னமே முடிஞ்சுது.” சப்பாத்து ஒன்றைப் போட்டபடி, மற்றதைக் கையில் வைத்தபடி வாசற்படியில் இருந்துவிட்டேன்.

தவராசா மாமா நீர்வேலியிலிருந்து யாழ்ப்பாணத்திலுள்ள பள்ளிக்கூடத்துக்கு எங்களை ஏழு வருடமாக ஏற்றி இறக்கியவர். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி கேட்டபோது அன்ரி ஒரு நிபந்தனை போட்டார்: “அழுற மாதிரி எழுதாதை. அந்தாளுக்குப் பிடிக்காது.” ஆகவே அவருடைய ஈரலைப் பற்றி எழுதுகிறேன். இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கும் அந்தக் கதையில் பங்கு உண்டு.

போன வருடம் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் மற்றவர்கள் இறங்கியதும் என்னை மறித்து ஒரு ஸ்கான் அறிக்கையை நீட்டினார். கடைப் பெயர்ப்பலகை முதல் மருந்துப் பெட்டி வரை கண்டதையெல்லாம் படிப்பவள் நான் என்பது வானுக்கே தெரியும். படித்துவிட்டு, “ஈரலிலே கொழுப்பு மாமா” என்றேன்.

“மனிசி இவ்வளவு நாளும் எனக்கு வாயிலைதான் கொழுப்பு எண்டவள். டொக்டர் இடத்தை மாத்திறார்.”

நடக்கவும், சீனியையும் எண்ணெயையும் குறைக்கவும் மருத்துவர் சொல்லியிருந்தார். மாமாவுக்கு அதெல்லாம் பெரிய மருந்தாகத் தெரியவில்லை.

அந்த நேரம் நான் விஞ்ஞானக் கண்காட்சிக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தேன். மஞ்சளின் குர்குமின், கீழாநெல்லி என்றும் சொல்லும் கீழ்க்காய்நெல்லியின் பில்லாந்தின் என்று தாவரங்களிலுள்ள பல இரசாயனச் சேர்வைகள் ஈரல் கொழுப்பைக் குறைக்குமா என்று ஆராய்கிறார்கள். எலிகளில் நம்பிக்கை தெரிகிறது. மனிதரில் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதை வானில் வாசித்தபோது மாமா பிரேக்கை அழுத்தினார். “கீழ்க்காய்நெல்லியோ? அது எங்கடை வாழைக்குக் கீழை காடாய்க் கிடக்குது. உமக்கு எலி வேணுமெண்டா நான் இருக்கிறன்.”

அவர் முதலில் கிளினிக்கில் சொன்னார். மருத்துவர் யோசித்துவிட்டு, “குடிக்கிறதெண்டா கொஞ்சமாய்க் குடியுங்கோ, செக் பண்ணவும் வாங்கோ. ஈரலுக்கான மருந்தும் ஈரலுக்குள்ளாலைதான் போகவேணும்” என்றாராம். அன்ரி செடியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். கூடவே பத்தியமும் தொடங்கியது. செங்கண்மாரி என்ற மஞ்சட்காமாலைக்கு எங்கள் வீடுகளில் எப்படியோ அப்படித்தான்: பொரியல் இல்லை, சோடா இல்லை, சந்திக் கடையில் எண்ணெயில் பொரிக்கும் றோல்ஸ் இல்லை. மாமா அந்தக் கடையைக் கடக்கும்போதெல்லாம் தலையை மற்றப் பக்கம் திருப்புவார். “முன்னுக்குப் பாத்து ஓட்டுங்கோ மாமா” என்று பின்னாலிருந்து ஒன்பது குரல் வரும்.

மூன்று மாதத்தில் ஸ்கானில் கொழுப்பு குறைந்திருந்தது. எங்களுக்கெல்லாம் ஐஸ்கிறீம் வாங்கித் தந்துவிட்டுத் தான் தண்ணீர் குடித்தார். நான் கண்காட்சி மட்டையில் பெரிய எழுத்தில் எழுதினேன்: “கீழ்க்காய்நெல்லி ஈரல் கொழுப்பைக் கரைக்கிறது.” எதிலும் பரிசு வாங்கியிராத நான் அந்த முறை வாங்கிவிடுவேன் என்று எங்கள் வகுப்பே நம்பியது.

கண்காட்சியன்று மாமா அயன் பண்ணிய சேட்டோடு என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். நடுவராக வந்த மருத்துவர் அம்மா அவரைக் கேட்டார்: “மருந்து மட்டுமோ? வேறை ஏதும் மாத்தினனீங்களோ?”

மாமா என்னைப் பார்த்தார். என் அட்டவணையில் பத்தியம் இல்லை. நான் மறைக்கவில்லை, மருந்தென்றால் பத்தியமும் அதற்குள்தானே என்று பிரித்து நினைக்கவேயில்லை. ‘மட்டும்தான்’ என்று அவர் சொல்லியிருந்தால் பரிசு எனக்குத்தான்.

“மட்டுமோ அம்மா? மூண்டு மாசமாய் ஒரு றோல்ஸைத் தொடேல்லை. சோடா இல்லை. செடி பிடுங்கவெண்டு பின்னேரம் பின்னேரம் தோட்டமெல்லாம் நடை. இவ எல்லாம் எழுதுற பிள்ளைதான், மட்டையிலை இடம் காணேல்லைப் போலை.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பரிசு போய்விட்டது. திரும்பும்போது முன் இருக்கையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

“கோவமோ?”

“இல்லை.”

“இருக்கட்டும். ஆனா ஒரு ஆள் உம்மடை மட்டையை நம்பி, ஒரு கையிலை றோல்ஸும் மற்றக் கையிலை கீழ்க்காய்நெல்லியுமாய் இருந்தா, ஆரைப் பிள்ளை ஏசுறது?”

என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த கிழமையே வான் தரிப்பிடத்தில் நான்கு சாரதிமாரைப் பிடித்துவிட்டார். எல்லோருக்கும் ஈரலில் கொழுப்பு. மருந்தில்லாமல் பத்தியம் மட்டும் காப்பது, தின்றதை ஒளிக்காமல் ஆளுக்கொரு கொப்பியில் எழுதுவது என்று ஏற்பாடு. தானும் மருந்தை விட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டார். “நாங்கள் அஞ்சு எலி” என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். ஐந்து பேரை வைத்து எதையும் நிறுவமுடியாது என்று நான் சொன்னபோது, “அதையும் என்ரை கொப்பியிலை முதல் பக்கத்திலை எழுதும்” என்றார். எழுதினேன்.

செத்த வீட்டுக்கு வந்த அந்த நான்கு பேரும் தேநீரைச் சீனி இல்லாமல் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அவர்களுடைய கொப்பிகள் இன்னும் நிரம்பிக்கொண்டிருக்கின்றன.

மாமாவின் கொப்பியை அன்ரி என்னிடமே தந்துவிட்டார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுதான். கடைசிப் பக்கத்தில், ஒரு கலியாண வீட்டுக்குப் போய் வந்த நாளில், “பாயாசம், அரைக் கப்” என்று இருக்கிறது. ‘அரை’யை ஒரு கோட்டால் வெட்டி, மேலே வேறு மையில் ‘ஒண்டரை’ என்று திருத்தியிருக்கிறார்.