டாமார் மரத்தில் கேட்ட வெட்டு

இதை நம்பும்படி இனி யாரையும் கெஞ்சப் போவதில்லை. கெஞ்சி அலுத்துவிட்டது. 1983 ஆகஸ்டில், பட்டப்பகலில், கொடிமலைச் சரிவில் எனக்கும் காஜா மொய்தீனுக்கும் இது நடந்தது.

அப்போது நான் மலையடிவாரத்தில் ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை பார்த்தேன். என் பொறுப்பு டாமார் மின்யாக் மரம். டைனோசர்கள் திரிந்த காலத்திலேயே இருந்த மரக் குடும்பம் அது. அதன் பிசினைக் கொண்டு படகில் ஓட்டை அடைத்தார்கள், விளக்கு எரித்தார்கள், வார்னிஷ் காய்ச்சினார்கள். பிறகு பலகைக்காக மரத்தையே சாய்த்தார்கள். எங்கள் பக்கம் பெரிய மரங்கள் சிலதான் மிச்சம்.

விதை எடுப்பது பெரும்பாடு. காய் மரத்திலேயே உடைந்து விதை காற்றில் பறந்துவிடும். அதற்கு முன்னால் ஏறிப் பறிக்க வேண்டும். பறித்ததையும் உடனே விதைக்காவிட்டால் செத்துப்போகும். இரண்டு வருடமாக நான் விதைத்தது எல்லாமே பதர். இந்த முறையும் முளைக்காவிட்டால் பாத்தியை ரோஜாவுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேலாளர் அப்புத்துரை சொல்லியிருந்தார்.

அன்று காலையெல்லாம் அலைந்தோம். தெரிந்த மரங்கள் அத்தனையிலும் காய் உடைந்து போயிருந்தது. பனிமூட்டம் வேறு இறங்கிவிட்டது. ஆத்திரத்தில் பாதையை விட்டுச் சரிவில் இறங்கினேன். மரமேறும் காஜா முணுமுணுத்தபடி பின்னால் வந்தான்.

அங்கே நின்றது அந்த மரம். நாலு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத அடிமரம். மேலே கொத்துக் கொத்தாக உடையாத காய்.

அடியில் ஒரு சருகுகூட இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

காஜா கயிற்றைப் போட்டு ஏறினான். கொஞ்ச நேரத்தில் மூட்டம் அவனை மறைத்துவிட்டது. ஒரு சாக்கு நிறையக் காய் இறங்கி வந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன்.

அப்போதுதான் கேட்டது.

டொக்... டொக்...

கிளையை வெட்டுகிறான் என்று எரிச்சல் வந்தது. அண்ணாந்து கத்தினேன்.

"கிளைய வெட்டாத லா, காஜா!"

"நான் வெட்டல அக்கா. நீங்கதானே கீழ வெட்டுறீங்க?"

என் கையில் சாக்கு மட்டும்தான் இருந்தது.

டொக்...

என் முழங்கால் உயரத்தில், மரத்தின் மறுபக்கம். சுற்றிப் போய்ப் பார்த்தேன். ஆள் இல்லை. பட்டையில் ஒரு கீறல் இல்லை. உள்ளங்கையை வைத்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் மரம் அதிர்ந்தது.

டொக்... டொக்...

இப்போது நான் விட்டு வந்த பக்கத்தில்.

"காஜா, இறங்கு."

வெட்டு வேகமானது. மரம் முனகியது.

"இறங்குடா!"

கயிற்றில் சறுக்கி வந்து விழுந்தான். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

சாக்கை விடாமல் ஓடினோம்.

பின்னால் படார் என்று ஒரு முறிவு...

ஆனால் எதுவும் விழவில்லை.

மரத் திருடர்கள்தான் என்றார் அப்புத்துரை. மறுநாள் வனக்காவலர் வாசுவை என்னோடு அனுப்பினார். பதற்றத்தில் விட்டு வந்த எங்கள் கயிறு அங்கேயே கிடந்தது. மரம் இல்லை. கயிற்றுக்குப் பக்கத்தில் உளுத்துப்போன பழைய அடிக்கட்டை. அழுத்தினால் விரல் உள்ளே போனது. நடுவில் பெரணி வளர்ந்திருந்தது.

"இதுலயா அக்கா ஏறினீங்க?" என்று வாசு சிரித்தான். அவனோடு சண்டை போட்டுவிட்டு அந்தச் சரிவு முழுக்கத் தேடினேன். வேறு டாமார் மரமே இல்லை.

விதைகளை விதைத்தேன். ஒன்று பாக்கியில்லாமல் முளைத்தன. எந்த மரத்து விதை என்று அப்புத்துரை கேட்டார். சொல்லிப் பார்த்தேன். தாய்மரம் தெரியாத கன்றுகளைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று தள்ளிவிட்டார். பாத்தி ரோஜாவுக்குப் போனது. கன்றுகளை நானே வீட்டுக்குத் தூக்கிப் போனேன். காஜா அதற்குப் பிறகு மரமே ஏறவில்லை. பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டான்.

சில வாரம் கழித்து வாசு வீட்டுக்கு வந்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஆயர் ஈத்தாம் ஊரில், அந்தக் காலத்தில் மரம் அறுத்த தொழிலாளி ஒருவரை விசாரித்தானாம். அந்த மரத்தை நாற்பது வருடத்துக்கு முன்னால், ஜப்பான்காரன் ஆண்ட காலத்திலேயே படகுப் பலகைக்காகச் சாய்த்துவிட்டார்களாம். அன்றைக்கும் நல்ல மூட்டமாம்.

வாசலில் நான் வைத்திருந்த கன்றுகளைப் பார்த்தான்.

"மேல ஒரு ஆள் காய் பறிச்சிட்டு இருந்திருக்கான், அக்கா. வெட்டினவங்களுக்கு அது தெரியாதாம்."