பிஸ்டன் ரிங்குக்குப் பரக்கத் அலி விட்ட இடைவெளி

எடமலைப்பட்டி புதூரில் என் ரேடியேட்டர் கடைக்குப் பக்கத்து ஷெட்டைப் பரக்கத் அலி வாடகைக்கு எடுத்தபோது, பந்தா காட்ட இன்னொரு ஷார்ஜா ரிட்டன் வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அங்கே பாலைவன ரேஸ் வண்டிகளுக்கு இன்ஜின் கட்டும் ஒர்க்‌ஷாப்பில் பல வருஷம் இருந்தவர். இங்கே அவருக்கு வந்ததெல்லாம் ஆயில் மாற்றுகிற வேலைதான். மனுஷன் முகம் வாடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

அப்போதுதான் ஸ்ரீரங்கத்து ஆடிட்டர் பிரஹலாத் தன் டீசல் ஜீப்போடு வந்தார். மலைப்பாதைப் போட்டிக்காகப் பெரிய டர்போ போட்டு இன்ஜினையே புதிதாகக் கட்ட வேண்டுமாம். நன்றாக அமைந்தால் இன்னும் நாலு பேர் தேடி வருவார்கள். சொதப்பினால் பரக்கத் அலி ஷெட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

பிஸ்டன் ரிங் தேடவே ஒரு வாரம் போனது. கடைசியில், டர்போ சூட்டைத் தாங்கும் கெட்டி ரகமாகப் பார்த்து வரவழைத்தார். ரிங் என்றாலும் அது முழு வட்டம் இல்லை. இரண்டு முனைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. சூடேறினால் ரிங் நீளும். இடைவெளி போதாவிட்டால் முனைகள் முட்டி, ரிங் உடைந்து சிலிண்டரையே கீறிவிடும். அதனால் கம்பெனி சொன்ன அளவைவிடக் கூடுதலாக அரம் போட்டு இடைவெளி விட்டார்.

இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் பிரஹலாத் நேராகப் போய் ஆயில் மூடியைத் திறந்தார். நம் பக்கத்தில் எல்லோரும் இன்ஜினைச் சோதிக்கும் லட்சணம் அதுதான்; ரிங்கைத் தாண்டிப் புகை கீழே கசிந்தால் அந்த வாயில் தெரிந்துவிடும், அதற்குப் பேர் பேக் கம்ப்ரஷன். குபுகுபுவென்று புகை வந்தது.

"என்ன பாய், புது இன்ஜின்ல பேக் கம்ப்ரஷன் அடிக்குது! பிரிச்சு, கம்பெனி அளவுக்கே ரிங் போடுங்க."

"மாட்டேன் சார். சூடானா அந்த இடைவெளி தானா அடைஞ்சிடும். லோடு ஏத்திப் பச்சமலை ஏறிட்டு, அப்புறம் திறந்து பாருங்க."

"புது இன்ஜின்லயா லோடு? முதல்ல மெதுவாத்தானே ஓட்டணும்பாங்க?"

"புது இன்ஜின்லதான் சார்."

லோடுக்கு நாலு சிமெண்ட் மூட்டையும் நானும். துறையூர் தாண்டி மலை ஏறும்போது பிரஹலாத் மிதித்த மிதியில் நான் சிமெண்ட் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பரக்கத் அலி வழி நெடுக இன்ஜின் சத்தத்துக்கே காது கொடுத்துக்கொண்டு வந்தார்.

மேலே போய் நிறுத்திய பிரஹலாத்துக்கு வாயெல்லாம் பல். "இழுவை பிரமாதம் பாய். திறந்தெல்லாம் பார்க்க வேண்டாம்" என்றார்.

"நான் பார்க்கணும் சார்."

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பரக்கத் அலி துணியால் மூடியைப் பிடித்துத் திருகினார். லேசாக ஆவிதான் வந்தது. மனுஷன் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்து அழுதுவிட்டார். பிரஹலாத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"இவ்வளவு இடைவெளி விடணும்னு உங்களுக்கு எப்படி பாய் தெரிஞ்சுது?"

"தெரியாது சார். அங்க ஃபோர்மேன் அளவு சொல்வாரு, நான் அரம் போடுவேன். நானே அளவு முடிவு பண்ணினது இதான் முதல் தடவை."

பிரஹலாத் திரும்பி, ஏறிவந்த வளைவுகளைப் பார்த்தார். "இதைக் கீழேயே சொல்லியிருந்தா நான் ஏறியே இருக்க மாட்டேனே பாய்!"

"அதான் சார் சொல்லலை."