கதவுப் பலகையில் நீலகிரி

காலைப் பலகாரம் முடிந்ததும் ராமாமணி நீலகிரியைக் கழுவி, முந்தானையால் துடைத்து, பலகையின் வடமேற்கு மூலையில் படுக்கவைப்பாள். வெள்ளியங்கிரியை அதற்குக் கீழே நிறுத்துவாள். ஆனைமலைக்குத்தான் பாடு அதிகம். அதைத் தரையோடு தரையாக உருட்டிக்கொண்டு வரவேண்டும். நீலகிரி என்பது அம்மிக்குழவி. வெள்ளியங்கிரி, ஆட்டுக்கல் குழவி. ஆனைமலை, பாதி உடைந்துபோன திருகைக்கல். வெள்ளியங்கிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டிருப்பாள். அதுதான் பாலக்காட்டுக் கணவாய்.

"ஏனுங்கம்மணி, நீலகிரியக் குடுங்க. மொளகா அரைக்கோணும்" என்று வேலைக்காரி பாவாத்தாள் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்.

"செத்த இரு பாவாத்தா. இப்பத்தான் மேகம் மல மேல ஏறுது."

"மேகம் ஏறுனாப் போதுமுங்களா? கொழம்பு எறங்கோணுமில்லீங்க?"

ராமாமணி மலையைத் தூக்கிக் கொடுத்துவிடுவாள். "நீலகிரி போச்சுன்னா கோயமுத்தூர் மழ மாறிப்போகும். கொழம்பு இல்லீன்னா ஊட்டுக்காரர் மூஞ்சி மாறிப்போகும். மழயாவது அடுத்த வருசம் வரும்" என்பாள்.

போத்தனூருக்கு மேற்கே, ரயில் பாதை தெரிகிற தோட்டத்து வீடு அவளுடையது. கணவர் திருமலைசாமி நாயுடுவுக்குப் பருத்தியும் கம்பும் விளைகிற நிலம். நாற்பதைத் தாண்டிய ராமாமணி, உயரமாக இருப்பதற்கு யாரிடமோ மன்னிப்புக் கேட்பவளைப் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பாள். முழங்கைவரை எப்போதும் சாம்பல் ஒட்டியிருக்கும். நாமம் இடுகிற குடும்பத்துப் பெண் இப்படித் திரிந்தால் ஊர் கேட்காமல் இருக்குமா? "என்னுங்கம்மணி, சைவத்துக்கு மாறிப்போட்டீங்களா?" என்பார்கள். "அங்கயும் என்னையச் சேத்துக்க மாட்டாங்க. இது அடுப்புச் சாம்பலுங்க" என்பாள்.

சாம்பலுக்குக் காரணம் உண்டு. பலகை என்பது புறவாசலில் கழற்றிப் போட்ட பழைய கதவு. மலைகளுக்குக் கிழக்கே கதவு முழுக்கச் சாம்பலைச் சலித்துப் பரப்பி, விளக்குமாற்றுக் குச்சியால் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்திருப்பாள். ஒரு கட்டம் போத்தனூர், ஒன்று சூலூர், கிழக்கு ஓரத்தில் சோமனூர். மலைகளுக்கு மேற்கே தனியாக மூட்டிய அடுப்பில் ஒரு பானை கொதிக்கும். மூடியைச் சுற்றி மாவைப் பூசி அடைத்து, மூடியில் ஓட்டையிட்டு, அடுப்பு ஊதும் குழலை அதில் சாய்வாகச் செருகியிருப்பாள். குழல் வழியாக வருகிற ஆவிதான் மேற்குக் கடற்கரையிலிருந்து கிளம்புகிற மேகம். அது குளிர்ந்த கற்களில் மோதும். மேற்குப் பக்கம் வேர்த்து வழியும், கிழக்குப் பக்கம் உலர்ந்தே கிடக்கும். சாண் அகலக் கணவாயில் நுழைந்து தப்பிய ஆவி மட்டும் இந்தப் பக்கம் வந்து சொட்டாகும். சொட்டு விழுந்த இடத்தில் சாம்பல் புள்ளி வைத்ததுபோலக் குழியும். எந்தக் கட்டத்தில் எத்தனை குழி என்று குனிந்து பார்ப்பதுதான் ராமாமணியின் வேலை. அவள் முதுகுவலிக்கு வைத்தியம் தேடுவது திருமலைசாமியின் வேலை.

இது தொடங்கியது ஒரு விருந்துச் சாப்பாட்டில். விவசாயக் காலேஜில் உத்தியோகம் பார்க்கும் கொழுந்தனார் வந்திருந்தபோது ஒரு வெள்ளைக்காரரைப் பற்றிச் சொன்னார். அந்த மனிதர் வானத்தைக் கட்டங்களாக வெட்டினாராம். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம், காற்று எந்தப் பக்கம் என்று எழுதிக்கொண்டாராம். ஒரு கட்டம் தன்னிடம் இருப்பதைப் பக்கத்துக் கட்டத்துக்குக் கொடுக்கும், மறுபக்கத்திலிருந்து வாங்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கணக்காகவே போட்டுக்கொண்டு போனால் அடுத்த வேளை வானம் எப்படியிருக்கும் என்று தெரிந்துவிடுமாம். சில மணி நேர வானத்துக்குப் பல வாரம் கணக்குப் போட்டாராம். விடை அடியோடு தப்பாய் வந்ததாம்.

"அப்புறம் என்ன பண்ணுனாருங்க?" என்று ராமாமணி கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"அந்தத் தப்பையே புஸ்தகமா அச்சுப்போட்டாருங்க அண்ணி."

"தப்பா வந்ததைங்களா? அவரேங்களா?"

"ஆமாங்க."

"அப்ப ரொம்ப நல்ல மனுசருங்க" என்று சொல்லிக் கொழுந்தனாருக்கு இன்னொரு கரண்டி நெய் விட்டாள். தப்பாய் வந்த ரசத்தைக்கூட இந்த வீட்டில் யாரும் ஒப்புக்கொண்டதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

முதலில் அவளும் கணக்காகத்தான் பார்த்தாள். கட்டங்களில் புளியங்கொட்டைகளை வைத்தாள், கொட்டைதான் ஈரம். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கட்டமும் தன்னிடம் இருப்பதில் பாதியைக் கிழக்கே தள்ளவேண்டும். தள்ளினாள், தள்ளினாள், பொழுது சாயும்வரை தள்ளினாள். கடைசியில் எல்லாக் கொட்டையும் சோமனூரில் குவிந்து கிடந்தது. "சோமனூர முழுகடிச்சுப்போட்டேனுங்க. பாவம், அத்தன தறியும் தண்ணிக்குள்ள" என்று தானே சிரித்தாள். மறுநாள்தான் விளங்கியது: கதவு சோமனூரோடு முடிகிறது, வானம் முடியவில்லை. அதற்கப்புறம் ஓரத்துக் கொட்டைகள் வெளியே போக வழி விட்டாள். அப்போது மேற்கு ஓரத்தில் புதிதாக எத்தனை வைப்பது என்ற கேள்வி வந்தது. கொட்டைகள் புளிப்பானைக்கே திரும்பிப் போயின. அவற்றின் இடத்துக்கு ஆவி வந்தது.

"பலகையில கடல் இல்லீங்க, ராத்திரி இல்லீங்க, ஒரு மரங்கூட இல்லீங்க. தெரிஞ்சு உட்டது இத்தன. தெரியாம உட்டது எத்தனையோ! நெச வானம் இதைப் பாத்தா, 'இது யாரு?'ன்னு கேக்கும்" என்பாள். ஆனாலும் ஆடி மாதத்தில் மலையாளப் பக்கம் கொட்டுகிற மழை ஏன் நமக்குத் தூறலாய் மட்டும் வருகிறது என்பதை அந்த அம்மிக்குழவி அவளுக்குக் காட்டியிருந்தது. அது போதும் என்று நினைத்திருந்தாள். பூவாத்தாள் வருகிறவரை.

பூவாத்தாளுக்கு ஊருக்கு மேற்கே மேட்டுக்காடு, வானம் பார்த்த நிலம். கணவன் இல்லை, கிணறும் இல்லை. முந்தின வருஷம் விளைச்சல் பொய்த்து, வீட்டில் மிஞ்சியது ஒரு கூடைச் சோளவிதை. இந்த ஆடியில் ஒரு மழை விழுந்து மண் நனைந்தது. இந்த ஈரத்தில் விதைத்தால் முளைக்கும். பின்னாலேயே இன்னொரு மழை வந்தால் பயிர் நிற்கும், வராவிட்டால் கருகும். காத்திருந்தாலோ ஈரம் போய் ஆடிப்பட்டம் தப்பும். அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்தாள்.

"என்ற காடு எந்தக் கட்டம் கண்ணு?"

 பலகையில் பெய்த மழையை நம்பி இதுவரை யாரும் விதைத்ததில்லை.

"அக்கா, இது அடுப்படிப் பொம்பளயோட வெளையாட்டுங்க. இதப் போயி..."

"வெளையாட்டாவே இருக்கட்டும். ஜோசியன் தட்சண கேக்கறான். நீ மொளகாக் கல்ல வெச்சுச் சும்மா சொல்றே. போடு பாக்கலாம்."

பானை கொதித்தது. ராமாமணி துணியால் குழலைப் பிடித்துக்கொண்டாள். முதல் முறை பூவாத்தாளின் கட்டத்தில் ஒரு குழிகூட விழவில்லை. கற்களைத் துடைத்து, சாம்பலைச் சரிசெய்து, மறுபடி பார்த்தாள். அப்போதும் இல்லை. பூவாத்தாள் கூடைக்குள் கையை விட்டு விதையைத் துழாவிக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை அந்தக் கட்டத்தில் பொட்டுப் பொட்டென்று சொட்டுகள் விழுந்தன.

"வந்திருச்சு கண்ணு!" பூவாத்தாள் கூடையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். "நீ நல்லா இருக்கோணும்!"

ராமாமணியும் சிரித்தாள். சிரித்தபடியே குழலைப் பார்த்தாள். அது கணவாயைப் பார்க்கவில்லை. இரண்டு விரற்கடை விலகி, மேட்டுக்காட்டுக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

தெருவில் தலை நிமிர்ந்து நடக்காதவள், அன்றைக்கு ஆடிக்காற்றில் சாம்பல் பறக்க ஓடினாள். "அக்கா! நில்லுங்கக்கா! வெதச்சுப்போடாதீங்க!"

பூவாத்தாள் திரும்பினாள்.

"அந்த மழ கணவாயில வரலீங்க. என்ற கையில வந்துச்சு. கொழலச் சாச்சுப்போட்டேன்."

"வேணும்னேவா?"

"வேணும்னு சாச்சிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்குமுங்களே! உங்க மூஞ்சியப் பாத்தேன். கை அந்தப் பக்கம் போயிருச்சு."

பூவாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்ல மேகம் வெச்சிருக்கறே போ! என்ற மூஞ்சியப் பாத்துப் பேயற மழைன்னா, இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் பேஞ்சிருக்கோணுமே!"

இருவரும் திரும்பி வந்தார்கள். ராமாமணி குழலை இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்திக் கயிற்றால் கட்டினாள். பூவாத்தாளைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லி, தானும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். வேலைக்காரி பாவாத்தாள் அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்து, "சண்டைங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

திரும்பிப் பார்த்தால் ஒரு முறை வறட்சி. துடைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தால் இரண்டு சொட்டு. மறுபடி வறட்சி. அதே பானை, அதே கல், அதே கயிறு. "ஒண்ணையுமே மாத்தலீங்க. ஆனா வேற வேறயா வருது" என்றாள் ராமாமணி. கல்லைத் தடவிப் பார்த்தாள். எவ்வளவு துடைத்தாலும் போன மழையின் ஈரம் எங்கேயோ ஒரு இடுக்கில் மிச்சமிருந்தது. மூடியைச் சுற்றிய மாவில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. இவ்வளவு சின்னதற்கு மேட்டுக்காட்டின் தலையெழுத்தே மாறுகிறது.

"முடிவா என்னதான் சொல்றே?"

"மூணு தடவ போட்டா ஒருக்காப் பேயுதுங்க. அதும் இந்தக் கதவுல. நெச வானம் எந்தத் தடவையப் புடிச்சுக்கும்னு எனக்குத் தெரியாதுங்க."

பூவாத்தாள் கூடையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மூணுல ஒண்ணா? செரி. மூணுல ஒரு பங்கு வெதைக்கறேன். மிச்சம் ஊட்டுப் பானையில கெடக்கட்டும்."

 இத்தனை காலம் கட்டம் கிழித்தும் இப்படி ஒரு கணக்கு இருப்பது ராமாமணிக்குத் தோன்றியதில்லை. "நான் மழயவே எண்ணிக்கிட்டிருந்தேன். நீங்க வெதைய எண்ணிப்போட்டீங்க" என்றாள். "அதுக்குப் பசி இருக்கோணும் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பூவாத்தாள் போனாள்.

மேட்டுக்காட்டில் ஒரு மூலை மட்டும் பச்சை கட்டியது. பிறகு வெயில். ராமாமணி மலைகளை அடுப்படிக்கே அனுப்பிவிட்டு, தினமும் பொழுது சாய அந்தக் காட்டு வரப்பில் போய் நின்றாள். முளைகளின் நுனி மஞ்சளாவதைப் பார்த்துவிட்டு, பூவாத்தாள் கண்ணில் படாமல் திரும்பி வந்தாள்.  "அந்த ஒரு பங்கும் என்ற கணக்குல கருகுதுங்க" என்று கணவரிடம் சொன்னாள்.

ஒரு நாள் பிற்பகல் கணவாய் கறுத்தது. மில்லுச் சங்கு ஊதி ஓய்வதற்குள் காற்று மண்வாசனையோடு வந்துவிட்டது. எல்லோரும் வெளியே வந்தார்கள். "மேட்டுக்காட்டுக்குத்தான் போகுது" என்று பாவாத்தாள் கையை நீட்டினாள். "இல்ல, தெக்க ஒதுங்குது பாரு" என்று திருமலைசாமி வேறு பக்கம் காட்டினார். தூரத்தில், பச்சை மூலைக்கு நடுவே, பூவாத்தாள் தலையில் போட்ட துணியோடு அசையாமல் நின்றாள். மேகம் எந்தப் பக்கம் திரும்புவது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

"அம்மணி, நெச மேகமே வந்திருக்குது. எந்திரிச்சு வந்து கையக் காட்டு, எந்தக் கட்டம்னு" என்று திருமலைசாமி கூப்பிட்டார்.

கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்திருந்த ராமாமணி எழுந்திருக்கவில்லை. வானத்தைப் பார்க்கவும் இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் எந்தப் பக்கமும் போய்விடாதபடி தொடைக்கு அடியில் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அவற்றின்மேல் அழுத்தி, தலையைக் குனிந்துகொண்டாள்.